வைரஸ் மூளைக்காய்ச்சலில் குழந்தைக்கு எம்ஆர்ஐ: கேட்பது முதல் மறுபடி எடுப்பது வரை

இது குழந்தைகள் வார்டில் புதிதாக டியூட்டி பார்க்கும் டாக்டர்களுக்கும், கதிரியக்கத் துறையின் முதலாண்டு பிஜிகளுக்கும், எம்ஆர்ஐ டெக்னீஷியன்களுக்கும் எழுதியது. வீட்டில் மூளைக்காய்ச்சல் என்று சொல்லும்போது மூளையின் உறை அழற்சியையும் மூளையின் அழற்சியையும் சேர்த்தே சொல்கிறார்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது இரண்டாவதை. காய்ச்சலோடு வந்த குழந்தை எழுப்பினாலும் தூங்கி விழுகிறது, அம்மாவை அடையாளம் தெரியவில்லை, பேச்சு குழறுகிறது, ஃபிட்ஸ் வருகிறது. இந்த நிலை ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மூளை அழற்சி என்றே நினைத்து வேலையைத் தொடங்க வேண்டும்.

நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் ஸ்கேன் அறைக்கு வெளியே, வரிசை மாறியதால் நடந்தவை. அதனால் கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. ஸ்கேனுக்கு அனுப்பும் முன் முடிக்க வேண்டியவை

முதலில் மூச்சு, ரத்த ஓட்டம், ரத்த சர்க்கரை. சர்க்கரையை வார்டிலேயே விரல் நுனியில் குத்திப் பாருங்கள். வாந்தியும் பட்டினியுமாக இரண்டு நாள் கிடந்த குழந்தைக்குச் சர்க்கரை இறங்கியே மயக்கமும் வலிப்பும் வரலாம். அதைக் கவனிக்காமல் ஸ்கேனுக்கு அனுப்பினால் வழியில் போகும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு நஷ்டம்.

அடுத்தது அசைக்ளோவிர், ஹெர்பிஸ் வைரஸை அடக்கும் மருந்து. சந்தேகம் வந்த உடனே முதல் டோஸ் போக வேண்டும். வைரஸ் மூளை அழற்சிகளில் பலவற்றுக்கு நேரடி மருந்து கிடையாது. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸுக்கு உண்டு. அது தாமதமாகப் போனால் உயிர் பிழைத்தாலும் நினைவும் பேச்சும் திரும்பாமல் போகலாம். பாக்டீரியா இல்லை என்று தெரியும்வரை செஃப்ட்ரையாக்ஸோன் போன்ற ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்தே ஓடட்டும்.

ஒரு குழந்தையின் கேஸ் ஷீட்டில் ‘எம்ஆர்ஐ பார்த்துவிட்டு அசைக்ளோவிர்’ என்று காலை எட்டு மணிக்கு எழுதியிருந்தார்கள். மயக்க டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் மாட்டிக்கொண்டார், மெஷின் நடுவில் நின்றது, ஸ்கேன் முடிய இரவு பதினொன்று ஆனது. பதினைந்து மணி நேரம். அந்தப் படத்தில் இரண்டு பக்க டெம்போரல் லோப்பையும் (காதை ஒட்டிய மூளைப் பகுதி, ஹெர்பிஸ் பெரும்பாலும் தாக்கும் இடம்) பார்த்த கணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஸ்கேன் எப்போது கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. முதல் டோஸ் நம் கையில் இருக்கிறது.

2. சிடியா, எம்ஆர்ஐயா, எல்பி எப்போது

மூளை அழற்சியைக் கண்டுபிடிக்க வேண்டியது எம்ஆர்ஐ. அட்மிட் ஆன 24 மணி நேரத்துக்குள் எடுக்கப் பாருங்கள், 48ஐத் தாண்ட விடாதீர்கள். சிடி முதல் சில நாட்களில் முழுக்க நார்மலாகவே இருக்கலாம்.

அப்படியானால் சிடி எதற்கு? எல்பி, அதாவது முதுகில் ஊசி போட்டுத் தண்டு நீர் எடுப்பது, ஆபத்தா என்று பார்க்க. ஜிசிஎஸ் (நினைவு நிலையின் மதிப்பெண்) 12 அல்லது அதற்குக் கீழ், ஒரு பக்கம் கை கால் இழுத்தல், கண் நரம்பு வீக்கம், நிற்காத வலிப்பு, கை கால் விறைத்து நீட்டுதல், நாடித்துடிப்பு இறங்கி ரத்த அழுத்தம் ஏறுதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் எல்பி காத்திருக்கட்டும், முதலில் சிடி. இவை எதுவும் இல்லாத குழந்தைக்கு எல்பிக்காக மட்டும் சிடி எடுப்பது கதிர்வீச்சும் நேர விரயமும்தான்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. சிடி நார்மல் என்றதும் மூளை அழற்சி இல்லை என்று முடிவெடுப்பது ஒன்று. சிடி நார்மல் என்பதால் தலைக்குள் அழுத்தம் இல்லை என்று நினைத்து, மோசமான நிலையில் இருக்கும் குழந்தைக்கு எல்பி போடுவது இன்னொன்று. அழுத்தம் ஏறிய மூளையும் சிடியில் சாதாரணமாகத் தெரியலாம். குழந்தையின் நிலை ஒன்று சொல்லி, சிடி வேறொன்று சொன்னால் குழந்தையை நம்புங்கள். டெங்கு காலத்தில் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்க்காமல் ஊசியை எடுக்காதீர்கள்.

3. கோரிக்கைத் தாளில் என்ன எழுதுவது

‘காய்ச்சல், ஃபிட்ஸ், எம்ஆர்ஐ பிரெய்ன்’ என்று நாலு சொல்லில் வரும் தாள்கள்தான் அதிகம். அதை வைத்து அறிக்கை எழுதுகிறவர் இருட்டில் தேடுகிறார். கீழே உள்ளவை படத்தின் அர்த்தத்தையே மாற்றும்.

வயது: ஒரு மாதத்துக்குள் என்றால் நாள் கணக்கில், இரண்டு வயதுக்குள் என்றால் மாதக் கணக்கில். மூளை வளரும் வேகத்தில் எது நார்மல் என்பது மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள், மயக்கம் தொடங்கி எத்தனையாவது நாள். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

கடைசி ஃபிட்ஸ் எப்போது, எவ்வளவு நேரம். நீண்ட வலிப்பே படத்தில் வெளுப்பை (அந்த இடம் இயல்பைவிட வெள்ளையாகத் தெரிவதை) உண்டாக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்புறம், தோலில் என்ன இருக்கிறது? கை, கால், வாயில் கொப்புளமா, டெங்குத் தடிப்பா, ஸ்க்ரப் டைஃபஸின் (பூச்சிக்கடியால் வரும் காய்ச்சல்) கறுத்த பொருக்கா? அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். எந்த ஊர் என்பதும் வேண்டும். விழுப்புரம், கடலூர் போன்ற நெல் வயல் சூழ்ந்த மாவட்டங்களிலிருந்து வந்த குழந்தை என்றால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நினைவில் இருக்க வேண்டும். அதற்கான தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் சேருங்கள்.

4. குழந்தையைத் தயார் செய்வது

உலோகச் சோதனையை அம்மாவிடம் ‘மெட்டல் ஏதாவது இருக்கா?’ என்று கேட்டு முடித்துவிடக் கூடாது. அவர் கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இல்லை என்பார். நம் ஊர்க் குழந்தையின் உடம்பில் வேறு நிறைய இருக்கும்: அரைஞாண் கயிற்றில் கோத்த வெள்ளிக் காசு, தாயத்துக்குள் சுருட்டிய செப்புத் தகடு, கொலுசு, ஐம்பொன் காப்பு, சட்டைக்கு உள்பக்கம் குத்திய ஊக்கு. வெள்ளியும் செம்பும் காந்தத்துக்கு இழுபடாது என்றாலும் சூடேறும், படத்தைக் கெடுக்கும். துணியை முழுக்க மாற்றி, உச்சி முதல் பாதம் வரை கையால் தடவிப் பாருங்கள். தாயத்தைக் கழற்ற பாட்டி தயங்கினால் அவர் கையிலேயே கொடுத்து, ஸ்கேன் முடிந்ததும் நீங்களே கட்டிவிடலாம் என்று சொல்லுங்கள். அறைக்குள் கூட வருகிறவருக்கும் இதே சோதனை உண்டு.

வார்டிலிருந்து ஒட்டிவந்த ஈசிஜி எலெக்ட்ரோடுகளை உரித்துவிட்டு, எம்ஆர்ஐக்கு ஏற்றவற்றை மட்டும் போடுங்கள். ஒயர்கள் தோலில் வளையமாகச் சுருண்டு கிடந்தால் தீக்காயம் ஏற்படும்.

மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தை நினைவோடு பால் குடிக்கும் நிலையில் இருந்தால் பால் கொடுத்து, இறுக்கிச் சுற்றி, காதை மூடித் தூங்கவைத்தே எடுத்துவிடலாம். அதைவிடப் பெரிய குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படும். தாய்ப்பால் நிறுத்தி 4 மணி நேரம், மற்ற பாலும் உணவும் நிறுத்தி 6 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

மயக்க விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சளிக்கோ காதுக்கோ ஸ்கேன் எடுக்க வரும் குழந்தைக்குக் கொடுப்பதுபோல் இந்தக் குழந்தைக்கு வாய்வழி மயக்க மருந்தை ஊற்றி அனுப்பக் கூடாது. மூச்சு கொஞ்சம் மந்தமானாலும் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறும். அது ஏறினால் மூளை ரத்தக் குழாய்கள் விரியும். ஏற்கனவே வீங்கிய மூளையில் அழுத்தம் இன்னும் ஏறும். மயக்க டாக்டர் கூட இருக்க வேண்டும், மூச்சுக் கார்பனை அளக்கும் கருவி இருக்க வேண்டும்.

5. எந்த வரிசையில் படம் எடுப்பது

முதலில் டிஃப்யூஷன், திசுவில் நீர் நகர்வதைக் காட்டும் படம். ஒன்றிரண்டு நிமிடத்தில் முடியும். குழந்தை நடுவில் விழித்துக்கொண்டாலும், ஆக்ஸிஜன் இறங்கி வெளியே எடுக்க நேர்ந்தாலும், மிக முக்கியமான படம் கையில் இருக்கும். வழக்கமான பட்டியல்படி, மூளையின் அமைப்பைக் காட்டும் டி1இல் தொடங்கி, டிஃப்யூஷனுக்கு வருவதற்குள் குழந்தை எழுந்துவிட்ட ஸ்கேன்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அடுத்து நீரை வெளுப்பாகக் காட்டும் டி2 குறுக்குவெட்டு, பிறகு மூளையைச் சுற்றியுள்ள நீரைக் கறுப்பாக அடக்கிக் காட்டும் ஃபிளேர், பிறகு ரத்தக் கசிவைக் காட்டும் எஸ்டபிள்யூஐ, கடைசியில் டி1. ஹிப்போகாம்பஸுக்கு (டெம்போரல் லோப்பின் உள்பக்கம் இருக்கும் நினைவுப் பகுதி) செங்குத்தாக, முன்னாலிருந்து பார்ப்பதுபோல் வெட்டும் ஒரு கொரோனல் டி2 அல்லது ஃபிளேர் கட்டாயம் வேண்டும். டெம்போரல் லோப்பின் உள்பக்கம் குறுக்குவெட்டில் சரியாகத் தெரியாது. கொரோனலில் இடமும் வலமும் பக்கத்துப் பக்கத்தில் வரும்.

கான்ட்ராஸ்ட் எல்லோருக்கும் தேவையில்லை. காசநோயோ சீழ்க்கட்டியோ சந்தேகம் இருந்தால் கொடுங்கள். இரண்டு தலாமஸும் (மூளையின் ஆழத்தில் இரு பக்கமும் இருக்கும் உட்கருக்கள்) வெளுத்திருந்தால் குழந்தை மேஜையில் இருக்கும்போதே சிரைகளின் எம்ஆர் வெனோகிராமையும் எடுத்துவிடுங்கள். இதற்காகத்தான் டெக்னீஷியன் முதல் டிஃப்யூஷன் வந்தவுடன் ரேடியாலஜிஸ்டைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். மறுபடி மயக்கம் கொடுத்து அழைத்துவருவது எளிதல்ல.

6. படிக்கத் தொடங்கும் முன் மூன்று கேள்விகள்

குழந்தையின் வயது என்ன? பிறந்த குழந்தையின் மூளையில் தண்ணீர் அதிகம், மயலின் (நரம்பிழைகளின் கொழுப்பு உறை) குறைவு. வெண்திசு டி2வில் இயல்பாகவே வெளுப்பாக இருக்கும். அந்த வெளுப்பில் வீக்கத்தின் வெளுப்பு ஒளிந்துகொள்ளும். ஏறக்குறைய இரண்டு வயதில்தான் டி2 பெரியவர்களின் தோற்றத்துக்கு வரும். அதுவரை ஃபிளேரை மட்டும் நம்பாதீர்கள்.

ஆக்ஸிஜன் எவ்வளவு ஓடியது? நூறு சதவீத ஆக்ஸிஜனில் மயக்கம் கொடுத்த குழந்தையின் ஃபிளேரில் மூளை மடிப்புகளுக்குள் இருக்கும் நீர் கறுப்பாக அடங்காமல் வெளுத்து நிற்கும். புதியவர் அதை மூளை உறை அழற்சி என்றோ ரத்தக் கசிவு என்றோ எழுதிவிடுவார். எஸ்டபிள்யூஐ சுத்தமாக இருந்து, வெளுப்பு எல்லா மடிப்பிலும் ஒரே சீராக இருந்தால் மயக்கக் குறிப்பைப் பாருங்கள்.

நோயின் எத்தனையாவது நாள்? டிஃப்யூஷன் மாற்றம் முதல் சில நாட்களில் பளிச்சென்று இருந்து, ஒரு வாரம் பத்து நாளில் மங்கும். பத்தாம் நாளில் எடுத்த படத்தில் டிஃப்யூஷன் அமைதியாக இருந்தால் டி2வும் ஃபிளேரும்தான் பேசும்.

7. டிஃப்யூஷனை ஏடிசியோடு சேர்த்துப் பார்ப்பது

ஏடிசி என்பது டிஃப்யூஷனிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், நீரின் நகர்வை அளக்கும் வரைபடம். டிஃப்யூஷனில் வெளுப்பு, அதே இடம் ஏடிசியில் கறுப்பு என்றால் செல்களே வீங்கி, நீர் நகர இடமில்லாமல் அடைபட்டிருக்கிறது. இரண்டிலும் வெளுப்பு என்றால் அது பெரும்பாலும் டி2வின் ஒளி கசிந்து தெரிவது. ஏடிசியைத் திறக்காமல் அறிக்கை எழுதவே கூடாது.

கண்ணைத் தானாக அலைய விடாமல் ஒரே பாதையில் கொண்டுபோங்கள். நான் போகும் பாதை: இரண்டு டெம்போரல் லோப்பின் உள்பக்கம், இன்சுலா, கண்குழிக்கு மேலுள்ள ஃப்ரான்டல் பகுதி, சிங்குலேட், தலாமஸ், பேசல் கேங்லியா, கார்பஸ் கலோசத்தின் (இரண்டு அரைமூளைகளை இணைக்கும் பாலம்) பின் நுனி, நடுமூளை, பான்ஸின் பின்பக்கம், சிறுமூளை, கடைசியாக மேல்மூளைப் புறணி முழுதும். பெரிய வெளுப்பு ஒன்று கண்ணில் பட்டதும் மற்ற இடங்களைப் பார்க்காமல் விட்டுவிடுவது எல்லோருக்கும் நேரும். பாதை இருந்தால் திரும்பி வர முடியும்.

8. இடத்தை வைத்து வைரஸை நினைப்பது

படம் வைரஸின் பெயரைச் சொல்லாது; எந்தப் பரிசோதனையை முதலில் அனுப்புவது என்று சொல்லும்.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ்: டெம்போரல் உள்பக்கம், இன்சுலா, கீழ் ஃப்ரான்டல், சிங்குலேட். ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு. இன்சுலாவின் வெளுப்பு பேசல் கேங்லியாவின் விளிம்பில் கோடு கிழித்ததுபோல் நின்றுவிடும். ஆனால் இது பெரிய குழந்தைகளின் தோற்றம். சின்னக் குழந்தைகளில் இதே வைரஸ் டெம்போரலை விட்டுவிட்டு, பரைட்டல் புறணியில் பக்கவாதம் போன்ற திட்டுகளாக வரும். ‘டெம்போரல் லோப் நார்மல், ஆகவே ஹெர்பிஸ் இல்லை’ என்று ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எழுதுவது பெரிய தவறு.

பிறந்த குழந்தையில் ஹெர்பிஸ் இன்னும் ஒழுங்கில்லாதது. பல இடங்களில் சிதறி வரும், டி2வில் ஒன்றுமே தெரியாமல் டிஃப்யூஷனில் மட்டும் தெரியலாம். இதே வயதில் பரேக்கோ வைரஸ் நினைவில் வர வேண்டும்: வெண்திசுவில் வென்ட்ரிக்கிளை (மூளைக்குள் இருக்கும் நீர் அறை) ஒட்டி விசிறிபோல் விரியும் டிஃப்யூஷன் வெளுப்பு. இதில் முதுகுத் தண்டு நீரில் செல்கள் ஏறாமலே இருக்கலாம்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல்: இரண்டு தலாமஸும், கூடவே நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ரா, பேசல் கேங்லியா. தலாமஸுக்குள் ரத்தக் கசிவு வரலாம். ஹிப்போகாம்பஸும் வெளுக்கலாம், அப்போது ஹெர்பிஸோடு குழம்பும். தலாமஸ் முன்னால் நின்று, இன்சுலாவும் டெம்போரலின் முன்நுனியும் தப்பியிருந்தால் ஜப்பானியப் பக்கம் சாயலாம். பன்றி வளர்ப்பு உள்ள பகுதிகளில் நாடாப்புழுக் கட்டியான நியூரோசிஸ்டிசெர்கோசிஸும் கூடக் கிடக்கலாம். அதைக் கண்டதும் வலிப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று தேடலை நிறுத்தாதீர்கள்.

டெங்கு: இதுவும் தலாமஸ், பான்ஸ், சிறுமூளை. தலாமஸின் நடுவில் ரத்தக் கசிவு, சுற்றி வீக்கம் என்று இரண்டு வடைகளை அருகருகே வைத்ததுபோல் தெரியும். எஸ்டபிள்யூஐ எடுக்காத ஸ்கேனில் இது கை நழுவிவிடும்.

கடும் நெக்ரோடைசிங் என்செஃபலோபதி (மூளைத் திசு வேகமாக அழியும் நோய்): இன்ஃப்ளூயன்ஸா போன்ற காய்ச்சலின் இரண்டாம் மூன்றாம் நாளில் குழந்தை சட்டென்று கோமாவுக்குப் போகும். இரண்டு தலாமஸும் கண்ணாடியில் பார்த்ததுபோல் சமச்சீராக வெளுக்கும். ஏடிசியில் நடு, இடை, வெளி என்று மூன்று அடுக்கு தெரியும். தண்டுமூளையிலும் சிறுமூளையிலும் இதே மாற்றம் இருக்கலாம். இதைப் பார்த்தால் அறிக்கை தட்டச்சாகும்வரை காத்திருக்காதீர்கள். ஸ்டீராய்டு முடிவை அன்றே எடுக்க வேண்டும்.

என்டெரோ வைரஸ் 71: பான்ஸ், மெடுல்லாவின் பின்பக்கம், சிறுமூளையின் டென்டேட் உட்கரு. கை, கால், வாய்க் கொப்புளத்தோடு உடல் தூக்கிப்போடும் குழந்தைக்கு இந்தப் படம் இருந்தால் சில மணி நேரத்தில் நுரையீரலில் நீர் கோத்து இதயம் தளரலாம். உடனே ஐசியுவுக்குச் சொல்லுங்கள்.

கார்பஸ் கலோசத்தின் பின் நுனியில் மட்டும் முட்டை வடிவ டிஃப்யூஷன் வெளுப்பு: பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் வேறெங்கும் மாற்றம் இல்லாமல், குழந்தையும் லேசான குழப்பத்தில் மட்டும் இருந்தால், பெரும்பாலும் சில நாட்களில் சுவடில்லாமல் மறையும். பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள். பாவம், ஸ்கேனில் புள்ளி என்றதும் இடிந்துபோய் நிற்பார்கள்.

9. வைரஸ் என்று எழுதும் முன் விலக்க வேண்டியவை

நீண்ட வலிப்பு: புறணி ரிப்பன்போல் வெளுக்கும், ஹிப்போகாம்பஸும் அதே பக்கத் தலாமஸின் பின்பகுதியும் சேரும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தணியும். ஹெர்பிஸைப் போலவே தெரிவதால் இதுதான் மிகக் கஷ்டமானது. இன்சுலா, கீழ் ஃப்ரான்டல், சின்ன ரத்தக் கசிவு இவை ஹெர்பிஸ் பக்கம் சாய்க்கும். பிரித்தறிய முடியவில்லையா, அசைக்ளோவிர் தொடரட்டும்.

ஆழ்சிரை அடைப்பு: நீர் வற்றிய குழந்தை, இரண்டு தலாமஸ் வெளுப்பு. ஸ்ட்ரெயிட் சைனஸில் (ஆழ்சிரைகளின் ரத்தம் வடியும் பாதை) ரத்த ஓட்டத்தின் கறுப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இதற்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து என்று சிகிச்சையே வேறு.

மைட்டோகாண்ட்ரியா நோய்: சாதாரணச் சளிக் காய்ச்சலில் சரியும் குழந்தை, பேசல் கேங்லியாவிலும் தண்டுமூளையிலும் சமச்சீரான மாற்றம். சொந்தத்தில் திருமணமா, முன்பு இறந்த குழந்தை உண்டா என்று கேளுங்கள். எம்ஆர்ஐயிலேயே திசுவின் ரசாயனத்தை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோப்பியில் லாக்டேட் பாருங்கள்.

காசநோய்: மூளையின் அடிப்பக்கம் கான்ட்ராஸ்டில் தடித்து ஒளிரும், வென்ட்ரிக்கிள்கள் பெருக்கும். இரண்டு மூன்று வாரமாக மெல்ல வந்த நோய் என்றால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும்.

ஏடெம் (உடலின் எதிர்ப்பாற்றலே மயலினைத் தாக்கும் நோய்): காய்ச்சல் வந்துபோன பிறகு, வெண்திசுவில் பஞ்சு போன்ற பெரிய திட்டுகள்; ஏடிசி பெரும்பாலும் ஏறியிருக்கும். மயலின் புரதத்தைத் தாக்கும் மாக் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் அனுப்புங்கள்.

10. அறிக்கை எழுதுவதும் போன் செய்வதும்

முதல் வரியில் அவசரம்: மூளை பிதுங்குகிறதா, நீர் தேங்குகிறதா, ரத்தக் கசிவு உண்டா, தண்டுமூளை பாதித்திருக்கிறதா. பிறகு எந்த இடங்கள், சமச்சீரா இல்லையா. பிறகு உங்கள் முதல் எண்ணம், இரண்டாவது எண்ணம், அவற்றைப் பிரிக்க அடுத்து என்ன பரிசோதனை.

‘மருத்துவ நிலையோடு பொருத்திப் பார்க்கவும்’ என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு அதைப் படிக்கும் டியூட்டி டாக்டருக்கு அதனால் பயன் இல்லை. ‘ஹெர்பிஸை விலக்க முடியாது, பிசிஆர் (தண்டு நீரில் வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) வரும்வரை அசைக்ளோவிரை நிறுத்த வேண்டாம்’ என்று எழுதினால் அவருக்கு என்ன செய்வது என்று தெரியும். எழுதியதோடு விடாமல் போனிலும் சொல்லி, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று குறித்துவையுங்கள்.

11. படம் நார்மல் என்றால்

நார்மல் எம்ஆர்ஐ மூளை அழற்சியை விலக்காது. முதல் மூன்று நாட்களுக்குள் எடுத்த ஹெர்பிஸ் பிசிஆரும் தவறாக நெகட்டிவ் ஆகலாம். இரண்டும் முதல் நாளிலேயே எடுத்தவை, குழந்தை இன்னும் மயக்கத்தில் இருக்கிறது என்றால் மருந்தை நிறுத்தாமல் மூன்று முதல் ஏழு நாளுக்குள் எல்பியை மறுபடி போடுங்கள், எம்ஆர்ஐயையும் மறுபடி எடுங்கள். நடுவில் மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜி எடுங்கள். கை கால் அசையாமலே உள்ளே வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம்.

12. மறு ஸ்கேன் எப்போது

தேறிவரும் குழந்தைக்கு வாரா வாரம் ஸ்கேன் வேண்டாம். படத்தின் வெளுப்பு குழந்தையைவிட மெதுவாகத்தான் குறையும். அதைப் பார்த்துப் பெற்றோர் வீணாகக் கலங்குவார்கள். நிலை மோசமானால், புதிதாக ஒரு பக்கம் இழுத்தால், மருந்தை நிறுத்திய பின் காய்ச்சல் திரும்பினால் எடுங்கள்.

ஒரு சூழ்நிலையை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள். ஹெர்பிஸிலிருந்து தேறி வீட்டுக்குப் போன குழந்தை சில வாரங்களில் கை கால் நெளிந்து ஆடுகிறது, தூக்கம் இல்லை, காரணமில்லாமல் கத்துகிறது என்று திரும்பி வரும். வைரஸ் திரும்பிவிட்டதா என்று பயந்து எம்ஆர்ஐ எடுப்போம்; பழைய தழும்பைத் தவிரப் புதிதாக எதுவும் இருக்காது. அன்றே எல்பி போட்டு ஹெர்பிஸ் பிசிஆரோடு என்எம்டிஏ ரிசெப்டர் ஆன்டிபாடி (நரம்புச் செல்லின் ஏற்பியைத் தாக்கும் எதிர்ப்பொருள்) பரிசோதனையையும் அனுப்புங்கள். ஹெர்பிஸ் தூண்டிவிட்ட எதிர்ப்பாற்றல் நோய் அது. அதற்கு ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் உண்டு, எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.